மொய் நோட்டும் முப்பதாயிரம் போட்டோவும்

எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால் ஆளுக்கொரு வேலை உண்டு. பெரிய அத்தான் மொய் எழுதுவார். சின்ன மாமா பந்தியில் நின்றுகொண்டு, "ஏலே, மூணாவது வரிசைக்கு ரசம் வரல" என்று சத்தம் போடுவார். ஒரு சித்தப்பா எதற்காவது கோபித்துக்கொண்டு மண்டப வாசலில் செருப்பைத் தேடுவார். அவரைச் சமாதானம் பண்ணி உள்ளே கூட்டி வருவதற்கென்றே இன்னொரு சித்தப்பா இருக்கிறார். எனக்கு வாய்த்தது போட்டோ. எடுப்பது இல்லை, அதற்கு ட்ரோன் சகிதம் தம்பிமார்கள் வந்துவிடுகிறார்கள். எடுத்து முடித்த அத்தனையையும் கேட்டு வாங்கி, காப்பி போட்டு, பத்திரமாக வைத்து, "2009ல ராஜபாளையம் கல்யாணத்துக்கு நான் ஒரு பச்சைப் பட்டு கட்டியிருந்தேம்லா, அந்தப் படம் இருக்கா?" என்று ராத்திரி பத்தரைக்கு மதினி போன் செய்தால் பதினொன்றுக்குள் தேடி அனுப்புவது என் இலாகா.

இதற்கு என்னை யாரும் நியமிக்கவில்லை. சம்பளம் இல்லை. ராஜினாமா செய்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

இந்த இலாகாவில் இருப்பவனுக்கு மட்டும் தெரிகிற உண்மை ஒன்று உண்டு. மொய் நோட்டைத் தொலைத்த குடும்பம் என்று ஒன்று கிடையாது. எங்கள் வீட்டில் 1987ஆம் வருஷத்து நோட்டு இன்னும் இருக்கிறது. அட்டை போய்விட்டது, ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன, ஆனால் "அரிசிக்கடை அண்ணாச்சி, கடையம், ரூ. 11, எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று, சிறியது" என்பது வரைக்கும் எழுத்து கெடாமல் நிற்கிறது. நோட்டு இருப்பது பீரோவில், நகைப்பெட்டிக்கு அடியில். அதைப் பார்த்து எழுதிய நகல் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டில். அந்த நகலின் ஜெராக்ஸ் அத்தானின் தோல்பையில். அதே கல்யாணத்தின் ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மீதியை யாரோ பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனார்கள். யார் என்பது ஞாபகமில்லை.

காரணம் விளங்காததல்ல. நோட்டில் இருப்பது திரும்பி வரவேண்டிய பணம். ஆல்பத்தில் இருப்பது நாம்தான். நம்மைத் திருப்பிக் கேட்டு யார் வரப்போகிறார்கள்?

போட்டோவைக் காப்பாற்றுவது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த தலைவலி என்று சின்னப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ் என்று ஒன்று இருந்தது. பிரிண்ட் கிழிந்தாலும் தொலைந்தாலும், நெகட்டிவ் இருந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். ஸ்டூடியோக்காரர் அதைத் தனி உறையில் போட்டு ஆல்பத்தோடு தருவார். நாங்கள் ஆல்பத்தைக் கண்ணாடி அலமாரியிலும் நெகட்டிவை எங்கேயாவதும் வைப்போம். அந்த எங்கேயாவதை என் சித்தப்பா கண்டுபிடித்தது 1995 அக்டோபர் 24ஆம் தேதி, சூரிய கிரகணத்தன்று. கருப்பு ஃபிலிம் வழியாகப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆகும், ஆனால் சித்தப்பாவிடம் அதைச் சொல்ல அன்றைக்கு யாருமில்லை. கத்திரிக்கோலை எடுத்து, சதுரம் சதுரமாக வெட்டி, தெரு முழுவதற்கும் தானம் பண்ணிவிட்டார். போனது என் முடியிறக்கு, காதுகுத்து விசேஷத்தின் மொத்த நெகட்டிவ். அன்றைக்குப் பாதித் தெரு என் மொட்டைத் தலை வழியாகத்தான் சூரியனைப் பார்த்தது.

வீடியோ கேசட்டின் கதையும் இதுதான். அக்கா கல்யாணக் கேசட்டின் மேல் யாரும் எதையும் பதிந்துவிடக் கூடாது என்று அதன் முதுகிலிருந்த பிளாஸ்டிக் தாழ்ப்பாளை வீடியோக்காரர் உடைத்துத்தான் கொடுத்தார். 1996 உலகக் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும் பெங்களூரில் மோதியபோது வீட்டில் காலிக் கேசட் இல்லை. அத்தான் அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டி, மேட்சைப் பதிந்துவிட்டார். அக்கா தலைகுனிந்து மாலை மாற்றப் போகிற இடத்தில் அமீர் சொஹைலின் ஸ்டம்பு பறக்கிறது, வெங்கடேஷ் பிரசாத் கையை நீட்டி வழியனுப்புகிறார். அக்கா இதை இன்னும் மன்னிக்கவில்லை. அத்தானைக் கேட்டால், நாசாவே அப்படித்தானே செய்தது என்கிறார். அது பொய்யுமில்லை. மனிதன் நிலவில் கால்வைத்ததன் மூலப் பதிவு நாடாக்களைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, நாடாத் தட்டுப்பாட்டில் அவற்றை அழித்து மறுபடி உபயோகித்திருக்க வேண்டும் என்று 2009இல் நாசா ஒப்புக்கொண்டது. இந்தத் தகவலை அத்தானுக்குச் சொன்னவன் நான்தான் என்பது அக்காவுக்குத் தெரியாது.

பிறகு டிஜிட்டல் வந்தது. தேயாது, கிழியாது, கரையான் தின்னாது என்றார்கள். கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இன்ஜினியர் 1975இல் செய்த முதல் டிஜிட்டல் கேமரா, படத்தைச் சேமித்தது ஒரு கேசட்டில். 0.01 மெகாபிக்சல் படம். ஒரு படத்தைப் பதிய 23 விநாடி. அதைச் செய்த கம்பெனி ஃபிலிமையே நம்பி உட்கார்ந்திருந்து 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. போட்டோவைத் தவிர வேறொன்றும் அறியாத கம்பெனிக்கே எது நிற்கும், எது போகும் என்று பிடிபடவில்லை. பாளையங்கோட்டைக்காரனுக்கு எங்கே பிடிபடப்போகிறது?

என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1.44 எம்பி ஃபிளாப்பிகள். இன்றைய போனில் எடுத்த ஒரு படம்கூட அதில் முழுசாக ஏறாது. அதற்கு மேலே 700 எம்பி சிடிக்கள். பிரவுசிங் சென்டரில் வரிசையில் உட்கார்ந்து, காசு கொடுத்து, "பார்த்துப் போடுங்க தம்பி, வீட்டு விசேஷம்" என்று கெஞ்சிப் போட்டவை. மேலே மார்க்கர் பேனாவில் தலைப்புகள்: முக்கியம். ரொம்ப முக்கியம். எல்லாம். எல்லாம், புதுசு. இதான் சரி. இவற்றில் 'இதான் சரி'யில் இருப்பது டி.எம்.எஸ். பாட்டுகள். இப்போது வாங்குகிற லேப்டாப்பில் சிடி போடுகிற இடமே இல்லை. அக்கா மகள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதை எங்க சொருகணும்?" என்று கேட்டாள். வீட்டுக்காரி அதற்குள் ஒரு கட்டு சிடியை நூலில் கோத்து மாடியில் புறா விரட்டக் கட்டிவிட்டாள். காற்றில் 'ரொம்ப முக்கியம்' பளபளவென்று சுற்றுகிறது. புறாக்கள் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன.

சேர்த்து வைத்தது ஒழுங்காக இருக்கிறதா என்றால், அது தனிப் புராணம். ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்கு உள்ளேயும் எடுத்த தேதி எழுதப்பட்டிருக்கும். அந்தத் தேதியைக் கேமராவின் கடிகாரம் சொல்ல வேண்டும். துபாய் அத்தான் கொண்டுவந்த எங்கள் முதல் கேமராவில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடிகாரம் 2000 ஜனவரி 1க்குத் திரும்பிப் போய்விடும். தேதியைத் திருத்துகிற பொறுமை யாருக்கும் கிடையாது. ஆகவே கம்ப்யூட்டரின் கணக்குப்படி அந்த ஒரே நாளில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கல்யாணம், ஒரு கிரகப்பிரவேசம், குற்றாலத்தில் குளியல், ஒரு பதினாறாம் நாள் விசேஷம் எல்லாம் நடந்திருக்கின்றன. பதினாறாம் நாளுக்கு உரியவரே ஐந்தருவியில் குளித்துக்கொண்டு நிற்கிறார்.

பழைய படங்களை ஸ்கேன் செய்தால் கூத்து தலைகீழ். தாத்தாவின் கல்யாணப் படத்தை 2019இல் ஸ்கேன் செய்தேன். தேதியை நானாக மாற்றிக் கொடுக்கும் வரை, போனைப் பொறுத்தவரை தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் அந்த வருஷம்தான் கல்யாணம். மறுவாரமே கொள்ளுப்பேரனுக்கு முதல் பிறந்தநாள்.

வாட்ஸ்அப் வந்த பிறகு தேதிப் பிரச்சினையே ஒழிந்தது, தேதியே இல்லாமல் போனதால். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். உள்ளே எழுதியிருந்த தேதியும் இடமும் உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். இதைக் குடும்பக் குரூப்பில் பக்குவமாக எழுதிப் போட்டேன். பெரியம்மா உடனே பதில் அனுப்பினார்: ஒரு ரோஜாப்பூ, பனித்துளி, "இனிய காலை வணக்கம்". அப்போது மணி மாலை நாலு. இந்த ரோஜாப்பூக்கள் லேசுப்பட்டவை அல்ல. இந்தியர்களின் போன்கள் ஏன் மூச்சுத் திணறுகின்றன என்று கலிபோர்னியாவில் கூகுள் ஆட்கள் ஆராய்ந்து, காரணம் குட்மார்னிங் படங்கள் என்று கண்டுபிடித்த செய்தி 2018இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வந்தது. அவற்றைத் தேடி அழிப்பதற்கென்றே தங்கள் செயலியில் ஒரு வசதி வைத்தார்கள். அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவரைக் கதிகலங்க வைத்ததில் எங்கள் பெரியம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

நடுவில் ஒரு பொற்காலம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2015இல் கூகுள் போட்டோஸ் வந்தபோது, கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறோம், எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், காசு வேண்டாம் என்றார்கள். ஊரே அள்ளிக் கொட்டியது. 2021 ஜூன் 1ஆம் தேதியோடு அது முடிந்தது. இப்போது மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. மேலே போனால் வாடகை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஓசியில் இடம் கொடுத்தவர்கள் எல்லாருமே ஒருநாள் கணக்குப் பார்த்தவர்கள்தான். ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் கடையைச் சாத்தியது. பிகாசா 2016இல் போனது. ஃப்ளிக்கர் 2013இல் ஒரு டெராபைட் இலவசம் என்றது. ஆறு வருஷத்தில் ஆயிரம் படம்தான் இலவசம் என்றது. மைஸ்பேஸ் சர்வரை இடம் மாற்றும்போது பன்னிரண்டு வருஷத்துப் பாட்டுகளைத் தொலைத்துவிட்டு 2019இல் வருத்தம் தெரிவித்தது. ஆகவே வாடகை கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, கிளவுட் என்பது இன்னொருவர் வீடு. அங்கே ஒரு பிரதி இருக்கலாம். ஒரே பிரதி இருக்கக் கூடாது.

அப்படியானால் நம் வீட்டிலேயே ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வைத்துக்கொள்ளலாம். சிடியில் சாயம் வெளுக்கும், பென் டிரைவில் பதிந்த மின்னூட்டம் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் கசியும், ஹார்ட் டிஸ்கில் சுற்றுகிற பாகங்கள் ஒருநாள் நிற்கும். நிற்பதற்கு முன்னால் டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும். என் மச்சானுடைய டிஸ்க் அப்படி டிக்டிக்கியபோது, ஃபிரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று எங்கேயோ படித்துவிட்டு, கேரி பேக்கில் சுற்றி, இட்லி மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து எடுத்துச் சொருகினால், உள்ளே வேர்த்து, டிக்டிக்கும் நின்றுவிட்டது. டேட்டா ரெகவரிக்காரரிடம் போனார். அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு தடவை கல்யாணம் பண்ணி, போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம் என்று மச்சான் சொன்னார். தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த பார்வையில் அந்த யோசனை கைவிடப்பட்டது.

பெரிய மனிதர்கள் வீட்டிலும் இதுதான் நிலைமை என்பது எனக்கு ஒரு ஆறுதல். பிக்சார் ஸ்டூடியோவில் 1998இல் 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்துகொண்டிருந்தபோது யாரோ ஒருவர் அழிக்கிற கட்டளையைத் தவறான இடத்தில் தட்டிவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வுடி பொம்மையின் தொப்பி காணாமல் போனது, பூட்ஸ் போனது, கடைசியில் படத்தில் பெரும்பகுதி போனது. பேக்கப் இருக்கிறதே என்று ஓடினால், அது ஒரு மாதமாகச் சரியாக வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தவர் யாருமில்லை. கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் கைக்குழந்தைக்காரி. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காகப் படத்தின் பிரதி ஒன்றைத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். படம் பிழைத்தது. பிறகு கதை பிடிக்கவில்லை என்று கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஒன்பது மாதத்தில் புதிதாக எடுத்து 1999இல் வெளியிட்டார்கள் என்பது கதையின் பின்குறிப்பு. எங்கள் கல்யாண வீடியோக்காரர் கேட்டால் மகிழ்ச்சியடைவார்.

ஒரு குழந்தைக்காரி வீட்டில் ஒரு பிரதி என்பதைத்தான் பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் பிற்பாடு 3-2-1 என்று விதியாக எழுதினார். மூன்று பிரதி வேண்டும், இரண்டு வகையான சாதனத்தில் வேண்டும், ஒன்று வீட்டுக்கு வெளியே வேண்டும். மொய் நோட்டு விஷயத்தில் எங்கள் அத்தான் இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்தார். அந்த மூன்றாவது பிரதியின் அருமை 2015 டிசம்பரில் தெரிந்தது. சைதாப்பேட்டையில் சித்தி வீட்டுக்குள் அடையாறு நேராக வந்துவிட்டது. பரணில் பழைய செய்தித்தாள், உடைந்த மிக்ஸி, நாலு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் சொட்டு நனையாமல் இருந்தன. ஆல்பங்கள் கட்டிலுக்கு அடியில், கம்ப்யூட்டர் தரையில். நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அவசரப்பட்டுப் பிய்க்கக் கூடாது. சுத்தமான தண்ணீரில் போட்டு மெல்லப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் காயவைக்க வேண்டும். சித்தப்பா வெயிலில் காயவைத்தார். அது ஒரு செங்கல் ஆகிவிட்டது. அவர்களிடமிருந்து ஏற்கெனவே வாங்கி நான் காப்பி போட்டு வைத்திருந்தவை மட்டும் மிஞ்சின. "நீ அப்போ வந்து நச்சரிச்சப்ப எரிச்சலா இருந்துச்சுல" என்றார் சித்தி. என் இலாகா வாழ்க்கையில் நான் வாங்கிய பாராட்டுப் பத்திரம் இதுதான்.

என் வெளியூர்ப் பிரதி பாளையங்கோட்டையில், அக்கா வீட்டில். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம். ஊருக்குப் போகும்போதெல்லாம் மாற்றிக்கொள்வோம். அக்கா அதைச் சாமி அறையில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அங்கே வைத்தால் ஒன்றும் ஆகாதாம். சாம்பிராணிப் புகை எலக்ட்ரானிக்ஸுக்கு ஆகாது என்று சொன்னால், "உனக்கு ரொம்பத் தெரியும்" என்கிறாள். அக்கா மகன் தன் பங்குக்கு அதில் தெலுங்கு டப்பிங் பேய்ப் படங்களை ஏற்றி வைத்திருக்கிறான். "மிச்ச இடம் சும்மாத்தான மாமா கெடந்துது?" ஆகவே எங்கள் குடும்ப ஆவணக் காப்பகத்தில் மூதாதையரும் பேய்களும் ஒரே இடத்தில் வாசம் செய்கிறார்கள்.

கல்லில் வெட்டினால்தான் நிற்கும் என்பார்கள். கல்லும் நிற்காது. தஞ்சைப் பக்கம் திருக்கோடிக்காவல் கோயிலைப் பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கற்றளியாக எடுத்துக் கட்டியபோது, அங்கே பழைய கல்வெட்டுகள் சிதறிக் கிடந்தன. அவற்றை அப்படியே புதுச்சுவரில் வெட்டச் சொல்லி, இது பழங்கல்லில் இருந்ததன் படி என்று குறிப்பும் சேர்க்கச் செய்தார். ராணி செய்தது பேக்கப். அதுவும் மூலம் எங்கிருந்து வந்தது என்ற விவரத்தோடு. ஓலைச்சுவடியிலும் இதுதான் வழக்கம்: ஏடு பழுதானால் பார்த்து எழுதிக்கொண்டு, பழையதை நெருப்பிலோ ஆற்றிலோ விடுவார்கள். பிறகு பார்த்து எழுதுவது நின்றுபோய், ஆற்றில் விடுவது மட்டும் தொடர்ந்தது. பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டார்கள் என்று கரிவலம்வந்தநல்லூரில் கேட்டு, சுவடி தேடிப் போன உ.வே.சா. பதறியதை அவரே எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் 1086இல் தோலில் எழுதிய டூம்ஸ்டே புத்தகத்தை இன்றும் படிக்கலாம்; அதன் 900ஆம் ஆண்டுக்காக 1986இல் பிபிசி லேசர் டிஸ்கில் போட்டுக் கொடுத்த புது டூம்ஸ்டேயைப் பதினைந்து வருஷத்தில் படிக்க மெஷின் கிடைக்காமல் திண்டாடினார்கள். எந்தப் பெட்டியும் எதையும் காப்பாற்றியதில்லை. பெட்டியைத் திறந்து, பார்த்து, புதுப் பெட்டிக்கு மாற்றுகிற கிறுக்கு ஒருவருக்குத் தலைமுறைக்குத் தலைமுறை பிடித்திருந்தால் மட்டும் நிற்கும்.

அதற்காகப் பெட்டியைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நிசேஃபர் நியெப்ஸ் பிரான்ஸில் தன் வீட்டு ஜன்னலிலிருந்து 1826-27 வாக்கில் எடுத்ததுதான் இன்று மிஞ்சியிருக்கிற மிகப் பழைய கேமராப் படம். பல பத்தாண்டுகள் அது எங்கே போனதென்றே தெரியாமல் இருந்தது. 1952இல் ஹெல்முட் கெர்ன்ஷைம் என்பவர் துரத்தித் துரத்தி விசாரித்துக் கண்டெடுத்தபோது, அது இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியில். அந்த மனிதர் எங்கள் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டியவர்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்து வைப்பதை யார் பார்க்கிறார்கள் என்று வீட்டுக்காரி கேட்கிறாள். நியாயமான கேள்வி. ஒரு சமயத்தில் மட்டும் எல்லாரும் பார்ப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்குப் போன் வரும். "பெரிய தாத்தா போயிட்டாருல. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நல்ல படம் ஒண்ணு உடனே அனுப்பு." அந்த ஒரு மணி நேரம் நான் இல்லாமல் குடும்பம் இயங்காது. வேறு யாரிடமும் படம் இருக்காது என்பதில்லை. எல்லார் போனிலும் இருக்கும். ஒன்றில் கூலிங் கிளாஸ் போட்டிருப்பார். ஒன்றில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒன்றில் முகம் அருமையாக இருக்கும், ஆனால் தோளில் யாருடைய கையோ இருக்கும். கையை வெட்டினால் தோளும் போகும். வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் கை மாறி வந்த படத்தைப் பத்தடி ஃபிளெக்ஸில் போட்டால், தாத்தா சதுரம் சதுரமாகச் சிரிப்பார். எங்கள் ஊரில் ஒருவருக்கு ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள், மனுஷன் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து போன மாதிரி இருக்கே என்று பேசிக்கொண்டே டீ குடித்தார்கள்.

அந்த மூன்று மணிப் போன்களிலிருந்துதான் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதை நான் தெரிந்துகொண்டேன். ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் வருகிறது. கூரைச் சேலை வாங்குவது நாற்பது கோணம், மாமா கண்ணை மூடியிருப்பது எழுபது. பாதிக்கு மேல் தாராளமாக அழிக்கலாம். ஆனால் மேடையை அழித்துப் பந்தியை வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் எல்லாரும் ஒரே மாதிரி நிற்கிறார்கள். சமையற்கட்டிலும் திண்ணையிலும்தான் அவரவராக இருக்கிறார்கள். பெரியப்பாவின் சிரித்த முகம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது ஒரு சாம்பார் வாளியின் படம். பின்னால் மங்கலாக அவர்.

இன்னொன்று, பேர் எழுதுவது. தாத்தா காலத்து குரூப் போட்டோ ஒன்றை ஆச்சியிடமும் அவர் தங்கையிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். வலமிருந்து மூன்றாவது ஆள் யார் என்று ஆரம்பித்தது. "எங்க மாமா" என்றார் ஆச்சி. "உங்க மாமாவுக்கு ஏது இம்புட்டு முடி? அது கணக்கப்பிள்ளை" என்றார் தங்கை. அன்றைக்கு மதியச் சாப்பாடு தனித்தனி அறையில் நடந்தது. போன் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. முகங்களைத் தானே அடையாளம் கண்டு, இருவரும் ஒரே ஆளா என்று நம்மிடமே கேட்கும். பெரியப்பாவையும் அவர் தம்பியையும் காட்டி அது கேட்டபோது, இல்லை என்று அமுக்கினேன். நம்பாமல் மறுபடி கேட்டது. இருவருக்கும் சொத்துத் தகராறு என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஆச்சி இரண்டு வருஷம் முன்பு தவறிவிட்டார். மூன்றாவது ஆளுக்குக் கீழே "மாமா அல்லது கணக்கப்பிள்ளை" என்று எழுதி வைத்திருக்கிறேன். இனி அதைத் தீர்க்க யாருமில்லை. உயிரோடு இருக்கிற பெரியவர்களிடம் இந்த வாரமே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேர் இல்லாத படத்தை மூன்று பிரதி எடுத்தால் மூன்று அந்நியர்கள் கிடைப்பார்கள்.

இணையத்தின் தந்தையரில் ஒருவரான வின்ட் சர்ஃப் 2015இல் சொன்னது, நிஜமாகவே முக்கியமான படங்களைப் பிரிண்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பது. இன்டர்நெட்டைக் கட்டியவரே சொல்லும்போது நமக்கென்ன கௌரவம்? வருஷத்துக்கு ஐம்பது படம், நல்ல லேபில், நல்ல காகிதத்தில். பழைய பசை ஒட்டும் ஆல்பத்தில் மட்டும் வேண்டாம், அந்தப் பசை படத்தைத் தின்னும். மீதியை இரண்டு ஹார்ட் டிஸ்கிலும் ஒரு கிளவுடிலும் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். அஞ்சாறு வருஷத்தில் டிஸ்கை மாற்றுங்கள்.

பாஸ்வேர்டு விஷயம் பாக்கி. இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பது இப்போது விதி. நாம் போன பிறகு நம் கணக்கை யார் திறக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கக் கூகுளிலும் ஆப்பிளிலும் இடம் வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் போய்த் தேடினால் ஐந்து நிமிஷ வேலை. நிலத்துக்கு உயில் எழுதுகிற குடும்பங்களில்கூட இதை யாரும் எழுதுவதில்லை. நான் எழுதிவிட்டேன். சிடியை எங்கே சொருகுவது என்று கேட்டாளே, அந்த அக்கா மகள்தான் வாரிசு. சம்மதிப்பதற்கு ஒரே நிபந்தனை போட்டாள்: தன்னுடைய பத்தாம் வகுப்புப் படங்கள் அத்தனையையும் அழிக்க வேண்டும். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் இந்த வேலைக்கு யார் என்று யோசித்துப் பாருங்கள். யாரும் நினைவுக்கு வரவில்லை என்றால் கவலை வேண்டாம். இந்தக் கட்டுரையை இவ்வளவு தூரம் படித்தவர் உங்கள் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான், வேலை உங்களுக்குத்தான். சம்பளம் கிடையாது.